“நம்ம சபையில ஆர்கன் இருக்கு”: எந்த ஆர்கன்?

போன வருடம் எங்கள் கிறிஸ்தவ சபையில் பழைய கீபோர்டை மாற்றுவது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. “இந்தத் தடவையாவது நிஜ ஆர்கன் வாங்குவோம்” என்றார் ஒருவர். “இப்ப இருக்கிறதும் ஆர்கன்தானே பிரதர்?” என்றார் இன்னொருவர். பின்வரிசையில் இருந்த ஆன்ட்டி, “எங்க ஊர்க் கோவில்ல மிதிச்சு மிதிச்சு வாசிப்பாங்களே, அதுதான் ஆர்கன்” என்று முடித்து வைத்தார். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கருவிகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. முக்கால் மணி நேரம் போனது. அப்புறம் தேநீர் வந்துவிட்டது.

நான் ஆர்கன் வாசிப்பவன் இல்லை. பாடகர் குழுவில் பேஸ், அதாவது மிகத் தாழ்ந்த ஆண் குரல், பாடுகிறவன். ஆனாலும் பல வருடம் ஆர்கன் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பாடியதில், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. தெரிந்துகொண்டதை, இசைப் பயிற்சி எதுவும் இல்லாதவருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பம்

ஆன்ட்டி சொன்ன மிதிக்கும் ஆர்கன் உண்மையில் ஆர்மோனியத்தின் பெரிய அண்ணன். அதற்குள் குழல் எதுவும் கிடையாது. காலால் மிதித்தால் துருத்தி காற்றைத் தள்ளும், காற்று மெல்லிய உலோக நாக்குகளை அதிரவைக்கும். பஜனையில் கையால் இழுத்து வாசிக்கும் ஆர்மோனியமும், பிள்ளைகள் வாயில் வைத்து ஊதும் மௌத் ஆர்கனும் இதே குடும்பம்தான்.

கூட்டத்தில் இரண்டாவதாகப் பேசியவர் சொன்னது சாதாரண கீபோர்டு. அதில் நூற்றுக்கணக்கான ஒலிகளில் ஒன்றாக ‘சர்ச் ஆர்கன்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டு வாசித்தால் ஆர்கன் மாதிரி கேட்கும், அவ்வளவே.

முதலில் பேசியவர் சொன்ன ‘நிஜ ஆர்கன்’ இரண்டில் ஒன்றாக இருக்கலாம், இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றியது. ஒன்று பைப் ஆர்கன்: காற்றை ஊதிக் குழல்களை ஒலிக்கவைப்பது. இன்னொன்று டிஜிட்டல் ஆர்கன்: பார்க்க அதே மாதிரி இரண்டு மூன்று அடுக்கு விசைப்பலகையும், காலால் வாசிக்கும் மரக் கட்டைகளும், பக்கத்தில் வரிசையாகக் குமிழ்களும் வைத்திருக்கும். ஆனால் ஒலி வருவது ஸ்பீக்கரில் இருந்து.

காலி பாட்டிலில் ஊதினால்

ஒரு காலிக் கண்ணாடி பாட்டிலை எடுத்து, அதன் வாய் விளிம்பின் மேல் பக்கவாட்டாக ஊதிப் பாருங்கள். ‘பூ...’ என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு ஊதினால் சத்தம் உயரும். உள்ளே இருக்கும் காற்றின் நீளம் குறைந்துவிட்டது, அதனால் அது வேகமாக அதிர்கிறது. பைப் ஆர்கனின் அடிப்படை இவ்வளவுதான். குழல் நீளமாக இருந்தால் தாழ்ந்த சுரம், குட்டையாக இருந்தால் உயர்ந்த சுரம்.

புல்லாங்குழலோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம் தெரியும். புல்லாங்குழலில் விரலால் துளையை மூடித் திறந்து ஒரே குழலில் எல்லாச் சுரங்களையும் எடுக்கலாம். ஆர்கன் குழலுக்கு விரல் துளை இல்லை. ஒரு குழலுக்கு ஒரே சுரம். ஆகவே 61 விசைகளுக்கு 61 குழல்கள் வேண்டும். அதுவும் ஒரே ஒரு வகை ஒலிக்கு மட்டும். வேறு வகை ஒலி வேண்டுமென்றால் இன்னொரு 61. இப்படித்தான் எண்ணிக்கை ஏறுகிறது. நம் சிங்கப்பூர் எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில் மேடைக்குப் பின்னால் நிற்கும் ஆர்கனில் 4,740 குழல்கள். ஜெர்மனியின் பான் நகரத்து க்ளைஸ் நிறுவனம் செய்தது. வெளியே கண்ணுக்குத் தெரிவது அதில் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் உள்ளே மறைந்திருக்கும்.

எல்லாக் குழலும் புல்லாங்குழல் வகையும் இல்லை. சிலவற்றின் அடியில் ஓர் உலோக நாக்கு இருக்கும். நாதஸ்வரத்துச் சீவாளி அதிர்ந்து குழலைப் பேசவைப்பது போல, இந்த நாக்கு அதிர்ந்து குழலுக்கு ஒலி கொடுக்கும். எக்காளம் மாதிரிக் கணீரென்று வருமே, அது இந்த வகை. இதை நாக்குக் குழல் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் ஏர்கான் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

இவ்வளவு பெரிய கருவிக்குப் பயங்கரமான காற்றழுத்தம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஆர்கன்களில் அந்த அழுத்தம் தண்ணீரை ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கக்கூடியது, அதற்கு மேல் அதிகமில்லை. காப்பிக் கடையில் உயரமான டம்ளரில் மைலோ ஐஸ் வாங்கி ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறோமே, அதே அளவு. அழுத்தம் குறைவு, காற்று நிறைய. அந்தக் காலத்தில் துருத்தி மிதிக்க ஆட்கள் இருந்தார்கள். இப்போது மின்விசிறி ஊதுகிறது. அதனால், “கரண்ட் போனாலும் பைப் ஆர்கன் வாசிக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு சின்ன விலகல். இந்தக் கருவி கோவிலில் பிறந்ததே இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் க்டெசிபியஸ் என்ற பொறியாளர் தண்ணீரின் பாரத்தால் காற்றழுத்தத்தைச் சீராக வைத்து ஓர் ஆர்கன் செய்தார். ரோமானியர்கள் அதைக் கேளிக்கை அரங்குகளில் வாசித்தார்கள். ஆலயத்துக்குள் வர அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஸ்டாப் என்றால் நிறுத்துவதா?

ஆர்கன் வாசிப்பவருக்கு இரு பக்கமும் இழுக்கும் குமிழ்கள் இருக்கும். அவற்றுக்கு ஸ்டாப் என்று பெயர். வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மெயின் வால்வு, உள்ளே சமையலறைக் குழாய். இரண்டும் திறந்திருந்தால்தான் தண்ணீர் வரும். ஆர்கனில் ஸ்டாப்தான் மெயின் வால்வு, விசை சமையலறைக் குழாய். ஒரு ஸ்டாப்பை இழுத்தால் ஒரு வரிசைக் குழல்கள் தயாராகும். விசையை அழுத்தினால் அந்த வரிசையில் அந்தச் சுரத்துக்குரிய குழல் மட்டும் ஒலிக்கும். ஐந்து ஸ்டாப்புகள் இழுத்திருந்தால், ஒரு விரலுக்கு ஐந்து குழல்கள் சேர்ந்து ஒலிக்கும்.

பியானோ பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். விசையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஆர்கனில் சத்தத்தின் அளவு மாறாது. சத்தம் கூட்ட ஸ்டாப் கூட்ட வேண்டும். இல்லையென்றால், சில குழல்களை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியின் பலகைகளைக் கால் மிதியால் திறந்து மூட வேண்டும். பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் லூவர் ஜன்னலை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிப் பட்டைகளைத் திருப்பினால் தெருச் சத்தம் கூடும், குறையும். அதே வேலைதான்.

குமிழ்களில் 8, 4, 2, 16 என்று எண்கள் எழுதியிருக்கும். அவை அடிக் கணக்கு. 8 என்றால் அந்த வரிசையின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கு எட்டடிக் குழல், சுமார் 2.4 மீட்டர். பாடுகிறவர்களின் சுரத்திலேயே அது ஒலிக்கும். 4 என்று எழுதியிருந்தால் ஒரு ஸ்தாயி மேலே, அதாவது கீழ் ஸவிலிருந்து மேல் ஸவுக்கு. 2 அதற்கும் ஒரு ஸ்தாயி மேலே. 16 ஒரு ஸ்தாயி கீழே.

ஒரு குடும்பம் ஒரே பாமாலையைப் பாடும் காட்சி இது. தாத்தா கீழே, அம்மா மேலே, பேரப்பிள்ளை இன்னும் மேலே, எல்லோருக்கும் ஒரே மெட்டு. ஆர்கன் வாசிப்பவர் ஒரு விரலால் அந்தக் குடும்பத்தையே பாடவைக்கிறார்.

இதுவரை வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: ஒரு குழலுக்கு ஒரு சுரம். ஸ்டாப் ஒரு வரிசைக் குழல்களைத் திறக்கிறது, விசை அதில் ஒன்றை ஒலிக்கவைக்கிறது. சத்தமும் நிறமும் விரலின் பலத்தால் மாறுவதில்லை, ஸ்டாப்புகளின் சேர்க்கையால் மாறுகிறது.

பாமாலைக்கு ஏன், கீர்த்தனைக்கு ஏன் இல்லை?

நம் சபைகளில் இரண்டு வகைப் பாட்டுகள் உண்டு. கீர்த்தனை நம் ராகத்திலும் தாளத்திலும் பிறந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வரும் மரபு. பாமாலை மேல்நாட்டு மெட்டில் தமிழ்ச் சொற்களை அமர்த்தியது, நாலு குரலில் பாடுவது. ஆர்கன் பெருமை பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கீர்த்தனையில் சுரம் வழுக்கும், அசையும், சுழலும். ஆர்கன் குழலால் அப்படி அசைய முடியாது. என் கருத்தில், எவ்வளவு நல்ல ஆர்கனாக இருந்தாலும் கீர்த்தனைக்கு அதைத் திறக்காமல் இருப்பதே மரியாதை. தபேலாவும் வயலினும் போதும்.

பாமாலைக்குக் கதை வேறு. பியானோவில் ஒரு விசையை அழுத்தியதும் ஒலி தேயத் தொடங்கிவிடும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை ஒலி அப்படியே நிற்கும். ஒரு வரியின் கடைசிச் சொல்லை இழுத்துப் பாடும்போது, கீழே ஒரு தரை இருப்பது போல அது தாங்கும். விரல் எழும்பியதும் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்குவார்கள். நூறு பேரை ஒன்றாக நிறுத்துவதும் தொடங்குவதும் அந்தச் சின்ன இடைவெளிதான். அதோடு மேல் ஸ்தாயிக் குழல்கள் மெட்டைத் தெளிவாக்கும், காலால் வாசிக்கும் பதினாறடிக் குழல்கள் தளத்தைக் கொடுக்கும். நடுவில் இருக்கிற நம் குரல்களுக்கு இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும்.

இதில் குழல் எங்கே, டிஜிட்டல் எங்கே என்று பாருங்கள். தேயாத ஒலி, பல ஸ்தாயிகள், கால் விசை, மூச்சுக்கு இடம். நான்கையும் இரண்டு கருவிகளும் தர முடியும். இரண்டும் பிரிவது இதற்கு அப்புறம்தான்.

டிஜிட்டலுக்குள் என்ன நடக்கிறது?

“அது கம்ப்யூட்டர் உண்டாக்கும் செயற்கைச் சத்தம்” என்பது பரவலான எண்ணம். பெரும்பாலும் அது அப்படி இல்லை. ஒரு நல்ல பைப் ஆர்கனுக்குப் போய், ஒவ்வொரு குழலாக ஒலிக்கவைத்துப் பதிவு செய்கிறார்கள். இதற்கு சாம்பிளிங் என்று பெயர். சினிமாவில் வினாடிக்கு 24 படங்களை ஓட்டினால் கண்ணுக்கு அசைவாகத் தெரிகிறதல்லவா? ஒலியை அதைவிட மிக நெருக்கமாக, சிடியில் வினாடிக்கு 44,100 தடவை, அளந்து எண்களாக வைக்கிறார்கள். விசையை அழுத்தினால் அந்த எண்கள் மறுபடி ஒலியாகின்றன. பதிவே இல்லாமல், குழலில் காற்று நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்குப் போட்டு ஒலி உண்டாக்கும் ஆர்கன்களும் உண்டு, ஆனால் குறைவு.

ஆலயங்களுக்கான முதல் டிஜிட்டல் ஆர்கனை அமெரிக்காவின் ஆலன் நிறுவனம் 1971இல் வெளியிட்டது. அப்போது நினைவகம் விலை அதிகம், ஆகவே மிகச் சிறிய துண்டு ஒலியையே சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். ‘டிஜிட்டல் என்றால் உயிரில்லாத சத்தம்’ என்ற பெயர் அந்தக் காலத்தில் ஒட்டியது. குழலில் ஊதும் காற்று ஒவ்வொரு கணமும் கொஞ்சம் அலையும். ஒரே துண்டைத் திருப்பித் திருப்பி ஓட்டினால் அந்த அலைச்சல் போய்விடும். இன்றைய கருவிகள் பல வினாடி நீளமான பதிவுகளை வைத்திருக்கின்றன. குழல் பேசத் தொடங்கும்போது வரும் ‘ச்சிப்’ என்ற சின்னச் சத்தமும், நிறுத்தும்போது அறையில் மிஞ்சும் ஒலியும்கூட அதில் உண்டு.

சாதாரண கீபோர்டிலிருந்து இது எப்படி வேறு? கீபோர்டின் ‘சர்ச் ஆர்கன்’ ஒரு குழுப் புகைப்படம். எல்லா ஸ்டாப்பும் சேர்ந்து ஒலித்ததை ஒன்றாகப் பதிந்து வைத்தது. யாரையும் தனியாக வெளியே எடுக்க முடியாது. டிஜிட்டல் ஆர்கனில் ஒவ்வொருவருக்கும் தனிப் புகைப்படம். முதல் சரணத்துக்கு இரண்டு பேர், மூன்றாவதுக்கு நான்கு பேர், கடைசிச் சரணத்துக்கு முழுக் குடும்பம் என்று வாசிப்பவர் கூட்டிக் குறைக்கலாம். பாமாலைக்கு இந்த ஒன்று மட்டுமே பெரிய வித்தியாசம். எங்கள் பழைய கீபோர்டில் ஐந்து சரணமும் ஒரே நிறத்தில் வரும். நாலாவது சரணத்தில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காது ஏமாறுமா?

பழைய கேள்வி இது. 1935இல் ஹாம்மண்ட் என்ற மின்சார ஆர்கன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதில் பதிவும் கிடையாது, எண்களும் கிடையாது. சுழலும் உலோகச் சக்கரங்கள் காந்தத்தின் அருகே ஓடி மின்னலைகளை உண்டாக்கும். “பைப் ஆர்கனுக்கு நிகர்” என்று விளம்பரம் செய்ததால் அரசின் வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. சிகாகோ பல்கலைக்கழக ஆலயத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். பெரிய பைப் ஆர்கனையும் ஹாம்மண்டையும் மாற்றி மாற்றி வாசிக்க, கேட்டவர்கள் எது எது என்று சொல்ல வேண்டும். இசை தெரிந்தவர்களே பல தடவை தவறாகச் சொன்னார்கள். ஆனாலும் 1938இல் ஆணையம், அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்றுதான் தீர்ப்பளித்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அந்தச் சோதனையில் யாரும் பாடவில்லை என்பது. சும்மா உட்கார்ந்து கேட்பவருக்கும், அதோடு சேர்ந்து பாடுபவருக்கும் ஆர்கன் ஒன்றாக இருப்பதில்லை.

ஸ்பீக்கர்தான் குழல்

நாற்பது பேர் கொண்ட பாடகர் குழு மேடையில் நின்று பாடுவதையும், அதே பாட்டைக் கைப்பேசியில் கேட்பதையும் ஒப்பிடுங்கள். சுரமும் சொல்லும் ஒன்றுதான். ஆனால் மேடையில் நாற்பது வாய்கள், நாற்பது இடங்களில் இருந்து காற்றை அசைக்கின்றன. கைப்பேசியில் ஒரு சின்னத் துவாரம் எல்லாவற்றையும் சுமக்கிறது.

பைப் ஆர்கனிலும் டிஜிட்டலிலும் உள்ள அசல் வித்தியாசம் இதுதான் என்பது என் முடிவு. பாமாலையில் நாலு குரல், பத்து ஸ்டாப் என்றால், ஒரே நேரத்தில் நாற்பது குழல்கள், நாற்பது வெவ்வேறு இடங்களில் நின்று பேசுகின்றன. அவற்றின் ஒலி அறைக் காற்றில்தான் கலக்கிறது. டிஜிட்டலில் அந்த நாற்பதும் மின்சாரமாகவே கலந்து, இரண்டோ நாலோ ஸ்பீக்கர் வழியாக வெளியே வருகின்றன. ஒரு ஸ்பீக்கர் கூம்பு ஒரே சமயத்தில் நாற்பது விதமாக அசைய வேண்டும். ஒவ்வொரு ஸ்டாப்பும் தனியே அருமையாக இருக்கும், எல்லாம் சேர்ந்தால் குழைந்துபோகும். ஆகவே நல்ல அமைப்புகளில் ஸ்டாப்புகளைப் பிரித்து எட்டு, பத்து, பன்னிரண்டு ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிறார்கள்.

தாழ்ந்த சுரம் இன்னொரு சங்கதி. பதினாறடிக் குழலின் கடைசிச் சுரம் வினாடிக்குச் சுமார் 33 தடவை அதிரும். முப்பத்திரண்டடி என்றால் 16 தடவைதான். அதைக் காதைவிட நெஞ்சும் பெஞ்சும்தான் உணரும். தாழ்ந்த ஒலிக்கென்றே செய்த பெரிய சப்வூஃபர் இல்லாமல் ஸ்பீக்கரில் அதை எதிர்பார்க்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு சபையில் நல்ல டிஜிட்டல் ஆர்கன் வாங்கிவிட்டு, காசு மிச்சம் என்று அதை ஏற்கெனவே பேச்சுக்காக மாட்டியிருந்த ஸ்பீக்கரில் இணைத்தார்கள். போதகரின் குரலுக்காகச் செய்த பெட்டி அது. ஆர்கன் அன்றிலிருந்து தொண்டை கட்டியவர் போலத்தான் பாடுகிறது. பழி விழுந்தது மட்டும் ‘டிஜிட்டல்’ மேல்.

அறையும் பாடுகிறது

ஐரோப்பாவின் பெரிய கல் ஆலயங்களில் கை தட்டினால் அந்த ஒலி அடங்க ஐந்தாறு வினாடிகூட ஆகும். இதற்கு எதிரொலி நேரம் என்று பெயர். சிங்கப்பூரில் பல சபைகள் கூடும் இடம் எப்படி? கீழே கார்பெட், மேலே பொய்க்கூரை, மெத்தை வைத்த நாற்காலி. கை தட்டினால் ஒரு வினாடிக்குள் ஒலி செத்துப்போகும்.

அந்த மாதிரி அறையில் அற்புதமான பைப் ஆர்கனை வைத்தாலும் வறண்டுதான் கேட்கும். டிஜிட்டலில் ஒரு வசதி உண்டு: ஒரு குமிழைத் திருப்பினால் செயற்கை எதிரொலி சேரும், ஆர்கன் பெரிய பேராலயத்துக்குள் போய்விடும். விற்பனையாளர்கள் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆனால் அந்த எதிரொலி ஆர்கனுக்கு மட்டும் கிடைக்கிறது. பாடும் நாம் இன்னும் கார்பெட் அறையில்தான் நிற்கிறோம். ஆர்கன் எங்கோ தூரத்தில் மணக்க மணக்க ஒலிக்கும். நம் குரல் நமக்கே காய்ந்து கேட்கும், வெட்கத்தில் வாய் மூடும். ஆயிரக்கணக்கில் ஆர்கனுக்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு பகுதிக் கார்பெட்டை உரித்துப் பார்க்கலாம் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். யாரும் குறிப்பெடுக்கவில்லை.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோம். டிஜிட்டலில் பதிவு பெரும்பாலும் நிஜக் குழலின் பதிவுதான். பிரச்சினை அதை வெளியே கொண்டுவரும் ஸ்பீக்கரிலும், அது போய்ச் சேரும் அறையிலும் இருக்கிறது. பைப் ஆர்கனுக்கு ஸ்பீக்கர் கவலை இல்லை, அறைக் கவலை உண்டு. அடுத்து வருவது நம் ஊருக்கே உரிய கவலை.

ஏர்கானும் ஈரமும்

சூடு ஏறினால் காற்றில் ஒலி வேகமாகப் போகும், குழலின் சுரமும் ஏறும். எவ்வளவு? பியானோவில் அடுத்தடுத்த இரண்டு விசைகளுக்கு இடையே உள்ள தூரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 3 சென்ட் மாறும். வாரம் முழுக்க ஏர்கான் இல்லாமல் 31 டிகிரியில் கிடந்த ஆலயம், ஞாயிறு காலை 24க்கு இறங்கினால் சுமார் 20 சென்ட் இறக்கம். அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

எல்லாம் சேர்ந்து இறங்கினால் பாடுகிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் முன்னே சொன்ன நாக்குக் குழல்கள் அவ்வளவு இறங்காது. அவற்றின் சுரத்தைப் பெரும்பாலும் உலோக நாக்குதான் முடிவு செய்கிறது. ஆக, புல்லாங்குழல் வகை ஒரு பக்கம், நாக்கு வகை ஒரு பக்கம். குளிர்ந்த காற்று நேராகப் படும் குழல் ஒரு சுரம், மாடத்தின் மேல் சூட்டில் நிற்கும் குழல் ஒரு சுரம். சில சபைகள் கொஞ்சம் நிஜக் குழல்களை வைத்து, மிச்சத்தை டிஜிட்டலில் நிரப்பும் கலப்பு ஆர்கன் வாங்குகின்றன. அங்கே இந்தச் சண்டை இன்னும் துல்லியமாகக் கேட்கும், டிஜிட்டல் பாதி ஒரு சென்ட்கூட நகராதே. ஈரப்பதம் வேறு. மரம் ஊதும், தோல் தளரும், விசை சிக்கும், விரலை எடுத்த பிறகும் ஒரு குழல் தன் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருக்கும்.

அப்படியென்றால் வெப்ப நாட்டில் பைப் ஆர்கனே முடியாதா? பிலிப்பீன்ஸின் லாஸ் பின்யாஸில் டியாகோ செரா என்ற பாதிரியார் 1824இல் முடித்த ஆர்கன் இன்னும் ஒலிக்கிறது. அதன் 1,031 குழல்களில் 902 மூங்கில். உள்ளூர் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய மரம்! 1970களில் அதைப் பழுதுபார்க்க பான் நகரத்துக்கு, நம் எஸ்பிளனேட் ஆர்கனைச் செய்த அதே க்ளைஸ் பட்டறைக்கு, அனுப்பினார்கள். அங்கே பிலிப்பீன்ஸ் தட்பவெப்பத்தை உண்டாக்கிய ஒரு தனி அறையில் வைத்துத்தான் வேலை செய்தார்கள்.

நம் ஊரிலேயே குட் ஷெப்பர்ட் பேராலயத்தின் மாடத்தில் லண்டன் பெவிங்டன் அண்ட் சன்ஸ் செய்த 1912ஆம் ஆண்டு ஆர்கன் இருக்கிறது. சிங்கப்பூரில் இன்னும் ஒலிக்கும் மிகப் பழைய பைப் ஆர்கன் அது. பேராலயத்தைப் புதுப்பித்த சமயத்தில் அதைச் சீர்செய்தவர்கள், அந்தப் பாதிரியார் பெயரையே வைத்திருக்கும் டியாகோ செரா ஆர்கன் பில்டர்ஸ் என்ற பிலிப்பீன்ஸ் பட்டறைக்காரர்கள். வெப்ப நாட்டு ஆர்கனுக்கு வெப்ப நாட்டுக் கை.

ஆயுளும் காசும்

இதை நீட்ட வேண்டியதில்லை. பைப் ஆர்கன் வாங்கும்போது மிக அதிகம், நூறு வருடம் தாண்டும், ஆனால் தொடர்ந்து சுரம் சேர்க்கவும் சில பத்தாண்டுகளுக்கு ஒரு தடவை தோலும் இணைப்பும் மாற்றவும் ஆள் வேண்டும். டிஜிட்டல் அதில் ஒரு சிறு பங்கு விலையில் வரும், சுரம் சேர்க்க வேண்டாம், இடம் கொஞ்சம் போதும். ஆனால் இருபது முப்பது வருடத்தில் உள்ளே இருக்கும் மின்பலகைக்கு உதிரிப் பாகம் கிடைக்காமல் போகலாம். இன்னொன்று, பயிலும் பிள்ளைகள் டிஜிட்டலில் ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கலாம். வீவக வீட்டில் இரவு பத்து மணிக்குக் கால் விசைப் பயிற்சி செய்ய வேறு வழி இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பைப் ஆர்கனைப் பெரிதும் மதிக்கச் சொன்னது. அதே பத்தியில் தகுந்த மற்ற கருவிகளுக்கும் இடம் விட்டது. நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் டிரினிட்டி ஆலயத்தில் 2001 செப்டம்பர் தாக்குதலின் தூசியால் பைப் ஆர்கன் கெட்டது. 2003இல் அங்கே ஒரு டிஜிட்டல் ஆர்கன் வைத்தார்கள். அது பல ஆண்டுகள் ஆராதனைகளைத் தாங்கியது. அப்புறம் அதே சபை புதிய பைப் ஆர்கன் ஒன்றைச் செய்யக் கொடுத்தது. இரண்டு தரப்பும் இந்த ஒரு கதையைத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு

எங்கள் அளவு சபைக்கு, நூற்றுச் சொச்சம் பேர், வாடகை மாதிரிப் பகிர்ந்துகொள்ளும் மண்டபம், டிஜிட்டல்தான் சரி என்பது என் வாக்கு. ஒரே நிபந்தனை: காசில் கணிசமான பங்கு ஸ்பீக்கருக்குப் போக வேண்டும், அவற்றை ஆட்களுக்கு முன்னால் உயரத்தில் பரப்பி வைக்க வேண்டும். ஏற்கெனவே பைப் ஆர்கன் வைத்திருக்கும் ஆலயம் அதைத் தூக்கிப் போட்டு டிஜிட்டல் வாங்க நினைத்தால், கையைப் பிடித்து நிறுத்துவேன்.

போன மாதம் ஒரு கருவியைக் கேட்டுப் பார்க்கப் போனோம். கடைக்காரர் பிரமாதமான ஒரு கச்சேரித் துண்டை வாசித்தார். எல்லா ஸ்டாப்பும் திறந்து, எதிரொலி முழுக்க வைத்து, ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் குழுவில் பாதிப் பேர் அங்கேயே கையெழுத்துப் போடத் தயார். கூட்டத்தில் மிதிக்கும் ஆர்கனைப் பற்றிச் சொன்ன ஆன்ட்டி மட்டும், “தம்பி, அந்த எக்கோவைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு பாமாலை வாசிங்க, நாங்க பாடிப் பார்க்கிறோம்” என்றார். வாசித்தார். இரண்டாவது வரி முடிவில் கடைக்காரர் விரலை எடுக்கவே இல்லை, எங்கள் ஏழு பேருக்கும் மூச்சு முட்டியது. “கருவி நல்லாத்தான் இருக்கு” என்றார் ஆன்ட்டி, வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது. “வாசிக்கிறது யாருன்னு முதல்ல சொல்லுங்க.”